பிரசங்கத்தில் இல்லாத வரிகள்

பேபிக்குக் காது கேட்காமல் போன பிறகுதான் தனேஸ்வரன் சர்ச்சுக்குள் உட்கார ஆரம்பித்தார்.

அதற்கு முன் முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்கு வாசலோடு சரி. ஞாயிறு காலை சிரம்பானை ஒட்டிய பாரோய் வீட்டிலிருந்து லிங்கி பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சர்ச் வரை மனைவியைக் காரில் கொண்டுவந்து இறக்குவார். செம்பனை நிழலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பேப்பரை விரித்துக்கொள்வார். உள்ளே பாடுவதும் ஜெபிப்பதும் பிரசங்கம் பண்ணுவதும் ஒலிபெருக்கி வழியாக அவர் காதிலும் வந்து விழும். திரும்பிப் போகும் வழியில் வாக்குவாதம் தொடங்கும்.

“இண்டைக்கு உங்கட பாஸ்டர் இருபத்தஞ்சு நிமிஷம் பேசினவர். அதில விஷயம் எண்டு ஒண்டு சொல்லும் பாப்பம்,” என்பார்.

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் ரத்தத்தையும் சளியையும் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தவர் அவர். இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். அவருடைய அப்பாவும் அப்பப்பாவும் சிரம்பானில் சபை மூப்பர்களாக இருந்தவர்கள். இவருக்கு மட்டும் இருபத்திரண்டு வயதில், பால்பல் விழுந்ததுபோல, வலியில்லாமல் விசுவாசம் விழுந்துவிட்டது. யாரோடும் கோபம் இல்லை. பிரசங்கத்தில் அவருக்கு ஒவ்வாதது ஒன்றுதான். இருபது பேர் முன்னால் ஒருவர் பேசுகிறார். தப்பாகச் சொன்னாலும் ஒருவரும் கை தூக்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள்கூடக் கை தூக்கும்.

பேபி உடனே பதில் சொல்ல மாட்டாள். பெரிய சாலைக்கு வந்த பிறகு நிதானமாகச் சொல்வாள். “நீங்கள் அவர் என்ன சொன்னவர் எண்டு கேக்கிறியள். நான் அதுக்குள்ள எனக்கு ஏதும் சொல்லப்படுதா எண்டு கேக்கிறன். ரெண்டும் ஒண்டில்லை.” இன்னொரு முறை, “அர்ச்சுனன் பெரிய படிப்பாளி இல்லை எண்டு எனக்கும் தெரியும். அவ்வளவு வைக்கோலுக்குள்ளயும் ஒரு நெல்லு கிடக்கும். அந்த ஒண்டுக்காகத்தான் போறன்” என்றாள்.

அர்ச்சுனன் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வார நாளில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். டவுனில் இருந்த பெரிய பாஸ்டர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் அர்ச்சுனனுடையது. அவரையும் எல்லோரும் பாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். பேபியின் அப்பா அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில் நூறு பேர் கூடிய சபை அது. இப்போது தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் டவுனுக்குப் போய்விட்டன. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பங்களாதேஷ்காரர்கள் இருந்தார்கள். ஞாயிறு கூடுவது இருபது பேர். பாரோயில் நடந்து போகும் தூரத்தில் ஒரு சர்ச் இருந்தும், ஞானஸ்நானம் எடுத்த இடத்தைப் பேபி விடவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோனது. கருவி வைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. கணவனின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வாள். மீசைக்குள் பேசிக்கொண்டு அங்குமிங்கும் நடக்கும் அர்ச்சுனனிடம் அதுவும் நடக்கவில்லை. காய்ச்சல் குணமாகிச் சபைக்குப் போன முதல் ஞாயிறு, ஆராதனை முடியும் முன்பே எழுந்து வந்து காரில் ஏறிக்கொண்டாள். “மீன்தொட்டிக்கு முன்னால இருந்த மாதிரி இருந்தது,” என்றாள்.

அடுத்த ஞாயிறு தனேஸ்வரன் பள்ளிப்பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றையும் இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே உள்ளே போனார். பேபி அவரைப் பார்த்தாள். வாங்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அப்படித்தான் தொடங்கியது. அர்ச்சுனன் பேசப் பேச இவர் எழுதுவார். பேபி அவர் கையோடு சேர்ந்து வரி வரியாக வாசிப்பாள். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பும்போது தலையை அசைப்பாள்.

மூன்றாவது வாரமே பேனா ஓரிடத்தில் நின்றது. ஏதோ ஒரு நாட்டில் விஞ்ஞானிகள் ஆத்துமாவை எடை போட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்ச்சுனன் சொன்னார். தன் கையெழுத்தில் அப்படி ஒரு வாக்கியம் இருப்பதைத் தனேஸ்வரனால் தாங்க முடியவில்லை. விட்டுவிட்டார். அதற்கப்புறம், மூன்று தடவை சொன்னதை ஒரு தடவை எழுதினார். பாதியில் அறுந்துபோன வாக்கியத்தை முடித்துவைத்தார். அர்ச்சுனன் எதையோ சொல்ல வந்து சொல் கிடைக்காமல் தடுமாறும்போது அந்தச் சொல்லை இவர் போட்டார். நாளடைவில் சொல்லோடு நிற்கவில்லை, யோசனையையும் போட்டார். மங்கலான தகட்டுக்குச் சாயம் போட்டுத் தெளிவாக்குவது மாதிரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாயம் இருப்பதைத்தான் காட்டும், இல்லாததைக் கொண்டுவராது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

“அர்ச்சுனன் இப்ப வடிவாப் பேசுறார். எனக்குக் காது கேட்ட காலத்தில இப்பிடிப் பேசேல்ல,” என்றாள் பேபி ஒருநாள். அதை அர்ச்சுனனிடமே போய்ச் சொல்லவும் சொன்னாள். அவர் கூச்சப்பட்டுத் தலையைச் சொறிந்தார். தனேஸ்வரன் செருப்பை மாட்டுவது போலக் குனிந்துகொண்டார்.

இப்படி மூன்று வருஷம் போனது.

அந்த ஜூன் மாதம் வசந்தன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

அவன் புஷ்பவள்ளியின் ஒரே மகன். லிங்கி பெக்கான் கடைத்தெருவில் மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் வேலை. இருபத்தொன்பது வயது. ஏன் என்று ஒரு வரி எழுதிவைக்கவில்லை. முந்தின நாள் மத்தியானம் அம்மாவுக்குக் கோழிக்கறி வாங்கிவந்து கொடுத்திருந்தான். புஷ்பவள்ளி தோட்டத்து நாற்றங்காலில் வேலை செய்தவள். புருஷன் போன பிறகு சபைக்கு வந்தவள். பதினைந்து வருஷமாகப் பேபிக்கு முன் வாங்கில்தான் உட்காருவாள். பேபியைவிடப் பத்து வயது இளையவள் என்றாலும் இருவரும் ஒருவர் கஷ்டத்தை ஒருவர் அறிந்தவர்கள்.

அடக்கத்துக்கு டவுன் பாஸ்டர் வந்தார். சுருக்கமாக ஜெபித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு புஷ்பவள்ளி ஆராதனைக்கு வந்தாள். வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. வெள்ளைச் சேலை, கையில் ஒன்றுமில்லை. தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அர்ச்சுனன் அன்றைக்கு நடக்கவில்லை. ஓரிடத்தில் நின்று, மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

“உசுரக் குடுத்தவரு ஒருத்தரு. எடுக்குறதுக்கும் அவருக்குத்தான் உரிமை. தானே எடுத்துக்கிட்டவனுக்கு அங்க கதவு தொறக்காது. அவனுக்காக நாம இங்க அழுது பிரயோசனம் இல்ல. வீட்டுல ஜெபம் கொறஞ்சு போச்சேன்னுதான் அழணும்.”

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இருபது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தனேஸ்வரனின் பேனா நின்றது. பேபி பேனாவைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். முன்னால் புஷ்பவள்ளியின் முதுகு அசையவில்லை. அவர் எழுத ஆரம்பித்தார்.

“ஒரு மனிதனின் கடைசி நிமிஷத்தில் அவனுக்குள் என்ன நடந்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவனைத் தாய் தேடியதுபோல் கடவுளும் தேடியிருப்பார். தாய்க்குக் கிடைக்காதவன் அவருக்குக் கிடைத்திருப்பான்.”

முதல் இரண்டு வாக்கியங்கள் அவருக்கு உண்மையாகவே பட்டன. மற்ற இரண்டும் அவர் கொஞ்சமும் நம்பாதவை. எழுதும்போது கை தயங்கவில்லை.

பேபி வாசித்தாள். கண் நிறைந்தது. முன்னால் சாய்ந்து புஷ்பவள்ளியின் தோளில் கை வைத்தாள். புஷ்பவள்ளி திரும்பியபோது பேபி அவளைப் பார்த்து, கண்ணீரோடு சிரித்துத் தலையை அசைத்தாள். புஷ்பவள்ளி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் மீகூன் சேமியாத் தட்டோடு வெளியே நிற்க, அவள் யாரோடும் பேசாமல் வீட்டுக்கு நடந்தாள்.

“அவளுக்கு நல்ல ஆறுதலா இருந்திருக்கும்,” என்றாள் பேபி காரில். தனேஸ்வரன் தலையை மட்டும் ஆட்டினார்.

புதன்கிழமை பேபி அவளைப் பார்க்கப் போகவேண்டும் என்றாள். நோட்டுப் புத்தகத்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தனேஸ்வரன் சாக்குச் சொல்லிப் பார்த்தார். கார் சர்வீசுக்கு விடவேண்டும் என்றார். பேபி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

புஷ்பவள்ளி கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொல்லவில்லை. “ஏன்க்கா வந்தீங்க?” என்றாள்.

பேபிக்குக் கேட்கவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து, வாசிக்கத் தொடங்கினாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் இப்போதெல்லாம் அவள் சத்தமாகவே பேசுவாள். அந்தச் சின்ன வீட்டில் அந்த நாலு வாக்கியமும் சுவரில் மோதி விழுந்தன. சுவரில் வசந்தனின் படத்துக்கு இன்னும் சட்டம் போடவில்லை, ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது.

புஷ்பவள்ளி தனேஸ்வரன் பக்கம் திரும்பினாள். “இது யாரு சொன்னது சார்?”

அவர் பேபியின் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“பாஸ்டரு இத சொல்லல. நான் முன் வாங்குல ஒக்காந்திருந்தேன். கதவு தொறக்காதுன்னு அவரு சொல்றாரு, இவங்க என் தோள்ல கை வச்சு சிரிக்கிறாங்க. அவரு சொன்னதவிட அதுதான் சார் என்னால தாங்க முடியல.”

“என்ன சொல்லுறாள்?” என்றாள் பேபி. “எழுதுங்கோ.”

அவர் புத்தகத்தை வாங்கி எழுதினார்: ‘பாஸ்டர் இதைச் சொல்லவில்லை என்கிறாள்.’

“சொன்னவர்தானே?”

நின்றபடியே அதன் கீழ் எழுதினார்: ‘சொல்லவில்லை. நான் எழுதினேன்.’

பேபி இரண்டு முறை வாசித்தாள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை, எதுவுமே வரவில்லை. “அப்ப அவர் என்ன சொன்னவர்?”

புஷ்பவள்ளி பார்த்துக்கொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமை எழுதாமல் விட்டதை அவர் எழுதினார். எல்லாம் ஞாபகம் இருந்தது. அப்படியே எழுத நாலே வரிதான் ஆயிற்று.

வாசித்து முடித்த பேபி எழுந்து போய் புஷ்பவள்ளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “எனக்குத் தெரியாதடி. எனக்குத் தெரியாது,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புஷ்பவள்ளி அழுதாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

காரில் திரும்பினார்கள். செம்பனைத் தோட்டம் முடிந்து கடைகள் தொடங்கும் இடத்தில் பேபி பேசினாள்.

“என்னை எப்பிடி நினைச்சீங்கள்? அவர் சொல்லுறது எல்லாத்துக்கும் ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறவள் எண்டா?”

அவர் கை ஸ்டியரிங்கில் இருந்தது. எழுத முடியாது. சாலையைப் பார்த்தபடி சொன்னால் அவளுக்கு விளங்காது.

“நீங்கள் நம்பாதவர். அது உங்கட பாடு. இத்தனை வருஷம் நான் அதுக்கு ஒண்டும் சொல்லேல்ல. ஆனா நான் நம்புறனான். நம்புறபடியாத்தான் எனக்குத் தெரியோணும், பிழை சொன்னா எழும்பிப் பிழை எண்டு சொல்ல. அண்டைக்கு அவளுக்குப் பக்கத்தில எழும்பி நிக்க வேண்டிய ஆள் நான். என்னை இருந்து சிரிக்க வைச்சிட்டீங்கள்.”

ஒரு கடை முன்னால் காரை ஓரம் கட்டினார். பின்சீட்டில் இருந்த புத்தகத்துக்குக் கை நீட்டினார். உம்மை நோகடிக்கக் கூடாதென்று நினைத்தேன் என்று எழுத நினைத்திருந்தார். பேபி புத்தகத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“இப்ப எழுதி என்ன? நீங்கள் எழுதுறதை நான் என்னெண்டு நம்ப?”

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே புத்தகத்தை நீட்டினாள். “ஒரு சொல்லும் மாத்தக் கூடாது. பிழையெண்டாப் பிழையாவே எழுதுங்கோ.”

புஷ்பவள்ளியின் இடம் காலியாக இருந்தது. அர்ச்சுனன் அன்றைக்கு நன்றி செலுத்துவதைப் பற்றிப் பேசினார். அவர் லோரியின் பிரேக் பிடிக்காமல் போய்த் தப்பித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பேபி எழுந்து நின்றாள்.

“போன கிழமை நீங்கள் சொன்னது எனக்கு இந்தக் கிழமைதான் தெரியும். அதைப் பற்றிக் கேக்கோணும்.”

சபை முழுக்கத் திரும்பியது. “ஆராதனை முடியட்டும் ஆன்ட்டி, பேசலாம்,” என்றார் அர்ச்சுனன். தனேஸ்வரன் அதை எழுதிக் காட்டினார். பேபி வாசித்துவிட்டு உட்காரவில்லை.

“புஷ்பம் எல்லாருக்கும் முன்னால இருந்துதான் கேட்டவள். எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ. கதவு திறக்காது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

பின்னாலிருந்து மூப்பர் தங்கராஜு, “உக்காருங்கம்மா, இது செய்தி நேரம்” என்றார். அவளுக்குக் கேட்கவில்லை. தனேஸ்வரன் அதையும் எழுதினார். ஒருவர் கை தூக்கமாட்டாரா என்று எத்தனையோ வருஷம் கேட்டவர் அவர். இப்போது நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அர்ச்சுனன் மைக்கை அணைத்தார். “எனக்கு யாரும் சொல்லல ஆன்ட்டி,” என்றார். “ரெண்டு வருஷத்துல இந்தப் பக்கம் மூணு பையனுங்க போயிட்டானுங்க. மூணு பேத்துக்கும் மண்ணு அள்ளிப் போட்டேன். எந் தங்கச்சி மவன் போன மாசம் போன்ல என்னமோ எழுதி வச்சிருந்தான். படிச்சிட்டு எனக்குக் கை காலு ஓடல. கடைசி வாங்குல இருக்குற பையனுங்களுக்குத்தான் அத சொன்னேன். பயத்துலயாச்சும் உசுரோட இருக்கட்டும்னு.”

தனேஸ்வரன் ஒரு சொல் விடாமல் எழுதினார். ‘என்னமோ’ என்பதை ‘என்னமோ’ என்றே எழுதினார். எல்லோரும் அவர் பேனா ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேபி வாசிக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

“பிள்ளையளைக் காப்பாத்தத்தான் சொன்னீங்கள். விளங்குது,” என்றாள். “ஆனா அவளின்ட பிள்ளையத் தூக்கிக் காட்டித்தானே மற்றப் பிள்ளையளுக்குப் பயம் காட்டினீங்கள்.”

உட்கார்ந்தாள். அர்ச்சுனன் பிரசங்கத்தைத் தொடரவில்லை. ஒரு பாட்டுச் சொன்னார். பாதிப் பேர்தான் பாடினார்கள்.

வெளியே படியில் அர்ச்சுனன் தனேஸ்வரனிடம் வந்தார். போன வாரம் எழுதியதைப் பார்க்கலாமா என்று கேட்டார். யாரோ சொல்லியிருக்கவேண்டும், சின்ன இடத்தில் எதுவும் நிற்காது. தனேஸ்வரன் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். குலை ஏற்றிக் காய்த்துப்போன விரலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து அவர் வாசித்தார்.

“நல்லா இருக்கு அங்கிள்,” என்றார். “ஆனா நீங்கதான் நம்பமாட்டீங்களே.”

“நம்பல.”

“அப்புறம் எப்பிடி எழுதுனீங்க?”

தனேஸ்வரன் யோசித்தார். “அந்த நேரத்துல அது தேவைன்னு பட்டுச்சு.”

அர்ச்சுனன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். “நானும் அதத்தானே அங்கிள் செஞ்சேன். தேவைன்னு பட்டதத்தான் சொன்னேன்லா.” குரலில் குத்தல் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்பவர் போலிருந்தார். தனேஸ்வரன் கார்ச் சாவியைத் தேடினார்.

மறுநாள் அர்ச்சுனன் வேலை முடிந்து புஷ்பவள்ளியிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். வீடு பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே தங்கை நீலாவதி வந்து அவளைக் கடற்கரை ஊரான சி ரூசாவுக்குக் கூட்டிப்போய்விட்டாள். சட்டம் போடாத அந்தப் படத்தையும் இரண்டு பை துணியையும்தான் எடுத்துப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அந்த வாரம் பேபி அலமாரியிலிருந்து பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் அடுக்கினாள். பதினொரு புத்தகங்கள். ஒரு சிவப்புப் பேனாவை அவர் முன்னால் வைத்தாள்.

“உங்கட வரிக்கெல்லாம் கீழ கோடு போடுங்கோ.”

அவர் மூன்று நாள் உட்கார்ந்தார். முதல் புத்தகத்தில் சுலபமாக இருந்தது. போகப் போகத் தெரியவில்லை. ஒரு வாக்கியத்தின் தலை அர்ச்சுனனுடையதாகவும் வால் தன்னுடையதாகவும் இருந்தது. சில இடங்களில் பேபி பென்சிலால் சின்னதாக அடையாளம் போட்டிருந்தாள். அவளுக்கு உதவிய வரிகள் அவை. பென்சில் அடையாளம் உள்ளதெல்லாம் தான் எழுதியவையாக இருக்கும் என்று நினைத்தார். பார்த்தால் அப்படி இல்லை. எது யாருடையது என்று சத்தியம் பண்ண அவரால் முடியவில்லை. கோடு போடவேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டார். ஐந்தாவது புத்தகத்துக்கு மேல் கேள்விக்குறிதான்.

பேபி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. “மூண்டு வருஷம் நான் ஆர் சொன்னதைக் கேட்டு ஜெபம் பண்ணினனான் எண்டு எனக்கே தெரியேல்ல,” என்றாள். புத்தகங்களை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

அதன் பின்னும் அவள் ஞாயிறு தவறாமல் போனாள். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள், எழுதச் சொன்னாள். ஆனால் முன்போல் கையோடு சேர்ந்து வாசிப்பதில்லை. வேதப் புத்தகத்தை மடியில் விரித்து, அர்ச்சுனன் பேசி முடியும்வரை அதைத்தான் படித்தாள். எழுதியதை வீட்டுக்கு வந்து ஒருமுறை பார்ப்பாள். அர்ச்சுனனின் பேச்சு இப்போது சுருங்கிவிட்டது. பத்து நிமிஷத்துக்கு மேல் நீட்டுவதில்லை. ஏதாவது சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இருவரும் சி ரூசாவுக்குப் போனார்கள். நீலாவதியின் வீடு கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. புஷ்பவள்ளி பக்கத்தில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். பால் விடாத தே ஓவும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். முதலாளியம்மாவைப் பற்றி, மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றிப் பேசினாள். சபையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனேஸ்வரன் எல்லாவற்றையும் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்.

நீலாவதி பேபியைப் பின்பக்கம் கூட்டிப்போய்த் தன் செடிகளைக் காட்டினாள். முன்னறையில் இருவர்தான் மிச்சம்.

“சார், ஒங்களுக்குச் சாமி நம்பிக்கை இல்லன்னு அக்கா சொல்லியிருக்காங்க,” என்றாள் புஷ்பவள்ளி. “ஒங்களக் கேட்டா, எம் மவன் இப்ப எங்க?”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. “நரகம்னு ஒன்னு இல்லம்மா,” என்றார். “அந்த மாதிரி எடத்துல அவன் இல்ல. அது நிச்சயம்.”

“அப்ப மோட்சம்?”

சொல்ல நல்ல வார்த்தைகள் அவரிடம் இருந்தன. பதினொரு புத்தகம் நிறைய இருந்தன. “அதுவும் இல்லன்னுதான் நான் நெனைக்கிறேன்.”

“அப்ப அவன் எங்கயுமே இல்லியா?”

“இல்லம்மா.”

புஷ்பவள்ளி கோப்பைகளைத் தட்டில் எடுத்து அடுக்கினாள். “பாஸ்டரு சொன்னதுலயாச்சும் எம் புள்ள எங்கயோ ஒரு எடத்துல இருந்தான் சார்,” என்றாள். “கஷ்டப்பட்டுக்கிட்டாச்சும் இருந்தான்.”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தனேஸ்வரன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. திருப்பித் திருப்பி யோசித்தும் தப்பு ஒன்றும் கிடைக்கவில்லை.

புறப்படும்போது வாசலில் பேபி புஷ்பவள்ளியின் கையைப் பிடித்தாள். “புஷ்பம், ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டா?”

“வேணாம்க்கா,” என்றாள் புஷ்பவள்ளி மெதுவாக. “இப்ப வேணாம். எப்பன்னும் கேக்காதீங்க.”

பேபி கணவன் முகத்தைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சுவரில் புத்தகத்தை வைத்து, அவள் சொன்ன மூன்றையும் அதே வரிசையில் எழுதினார். பேபி வாசித்தாள். பிடித்திருந்த கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு விட்டாள். புஷ்பவள்ளி கார் திரும்பும்வரை வாசலில் நின்றாள்.

கடற்கரைச் சாலையில் சனிக்கிழமைக் கூட்டம். கார்கள் நகரவில்லை. முன்னால் ஒரு வேனின் கூரையில் பிள்ளைகளின் மிதவை வளையங்களைக் கட்டியிருந்தார்கள்.

“நான் பின்னால நிண்ட நேரம் அவள் வேற ஏதும் சொன்னவளோ?” என்று கேட்டாள் பேபி.

இல்லை என்று தலையை ஆட்டியிருக்கலாம். அவர் பிரேக்கை இழுத்துவிட்டு, புத்தகத்தை ஸ்டியரிங்கின் மேல் வைத்து, புஷ்பவள்ளி கேட்டதையும் தான் சொன்னதையும் எழுதினார். கடைசியில் அவள் சொன்னதையும் எழுதினார். பின்னால் இருந்த கார் ஹாரன் அடித்தது. புத்தகத்தை நீட்டினார்.

பேபி வாசித்து முடித்து மூடினாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாரோய் வீடு வரும்வரை புத்தகம் அவள் மடியிலேயே இருந்தது.